ஏற்காட்டுல ஜிப்ஸி, ஹீட்டர் கோர் ஒழுகுது – வீட்லயே மாத்தலாமா?

காப்பிக்கொட்டை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம், கொஞ்சம் காப்பி கொஞ்சம் மிளகு. வண்டி ஜிப்ஸி கிங், எம்பிஎஃப்ஐ மாடல், அப்பா வாங்குனது, இப்ப என் கைக்கு வந்து நாலு வருசம். ஏசி கிடையாது, ஹீட்டர் மட்டும்தான்.

விசயம் என்னன்னா ரெண்டு வாரமா முன் கண்ணாடில உள்பக்கம் எண்ணெ பூசுன மாதிரி ஒரு படலம், துணில தொடச்சா இன்னும் இழுவுது, போகவே மாட்டேங்குது. ஹீட்டர் போட்டா வண்டி பூரா ஒரு தித்திப்பு வாசம், வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி. வீட்டம்மா முதல்ல "யாரு வண்டில அதிரசம் வெச்சது"ன்னுதான் கேட்டா. நானும் ஏதோ சீட்டுக்கு அடில பையன் எதையோ போட்டுட்டான்னு விட்டுட்டேன். போன சனிக்கிழமை சேலத்துக்கு இறங்கறப்ப பக்கத்து சீட்ல இருந்த பையன் "அப்பா கால்ல சுடுதண்ணி சொட்டுது"ங்கறான். ஓரங்கட்டி கால்மிதி மேட்டைத் தூக்கிப் பாத்தா கீழ பச்சைத் தண்ணி தேங்கி நிக்குது. ரிசர்வ் டேங்க்ல அடிமட்டம் வரைக்கும் காலி. நல்லவேளை டெம்பரேச்சர் முள்ளு ஏறல.

கீழ ஒரு பட்டறைல காட்டினேன், ஹீட்டர் கோர் ஒழுகுது (எஞ்சின் சுடுதண்ணி ஓடி உள்ள சூடு குடுக்கற பாகம்), டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும், வண்டிய நாலு நாள் விட்டுட்டுப் போங்க, இல்லாட்டி ஹீட்டரையே கட் பண்ணி விட்டுரலாம் உங்களுக்கு எதுக்கு ஹீட்டருன்னாங்க. காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பிச்சாச்சு, நாலு நாள் வண்டி இல்லாம நமக்கு ஆகாது. ஸ்பேனர் செட்டு இருக்கு, ப்ரேக் ஷூ, வாட்டர் பம்ப்பு எல்லாம் நானே மாத்தியிருக்கேன். டேஷ்போர்டு மட்டும் தொட்டதில்ல. வீட்லயே பண்ண முடியுமா, யாராச்சும் பண்ணியிருக்கீங்களா, அதுவரைக்கும் வண்டி ஓட்டலாமா வேண்டாமா, சொல்லுங்க.


சங்ககிரி லாரி

யோவ் நம்ம ஊர்ல எதுக்கய்யா ஹீட்டரு, சித்திரைல சேலம் வந்து அஞ்சு ரோட்ல சிக்னல்ல நில்லு, அதான் ஹீட்டரு 😄

சிம்பிளா சொல்றேன், உள்ள போற ஹோஸ் ரெண்டையும் புடுங்கி ஒண்ணோட ஒண்ணு ஜாயிண்ட் போட்டு விட்டுரு, அரை மணி நேர வேலை. அதுக்கும் நேரமில்லைன்னா ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போடு, எங்க லாரிங்க எல்லாம் அதுலதான் ஊரு வந்து சேந்துருக்கு. அப்புறம் ரேடியேட்டர் மூடிய ஒரு திருகு லூசா விட்டு ஓட்டு, ப்ரஷர் ஏறாது, ஒழுகறது பாதியா குறையும்.


பழைய ஸ்பேனர்

தம்பி, லாரிக்காரர் சொன்னதுல முதல் விசயம் சரி, ரெண்டாவது அரைகுறை, மூணாவத தயவு செஞ்சு பண்ணிராத.

மூடி விசயத்த மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா மலைல வண்டி ஓட்டறவன் இத தெரிஞ்சு வெச்சுக்கணும். சேலத்துல தண்ணி கிட்டத்தட்ட 99 டிகிரில கொதிக்கும். ஏற்காடு 1500 மீட்டர் ஒசரம், 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும்னு தோராயமா வெச்சுக்க, அங்க 95லயே கொதிச்சிரும். உன் எஞ்சின் ஒழுங்கா ஓடறதே 80, 90 டிகிரில. நடுவுல இருக்கற இடைவெளி ரொம்ப கம்மி. அந்த மூடி மேல 0.9ன்னு போட்டிருக்கும் பாரு, அது சும்மா மூடறதுக்கு இல்ல, உள்ள ப்ரஷரப் புடிச்சு வெச்சு கொதிநிலைய இன்னும் இருவது டிகிரி மேல தூக்கி விடறதுக்கு. நீ மூடிய லூசா விட்டா அந்த இருவது டிகிரியும் போச்சு. 20 கொண்டை ஊசி வளைவையும் ரெண்டாவது கியர்ல ஏறுவ, வண்டி மெதுவா போகும், காத்து அடிக்காது, எஞ்சின் மட்டும் முழு மூச்சா வேலை செய்யும், பாதி மலைல பொங்கி ஊத்திரும். கீழ சமவெளில தப்பிச்ச வித்தை மலைல தப்பாது. ஹெட் கேஸ்கட் போச்சுன்னா ஹீட்டர் கோர் வெலையெல்லாம் வெறும் சில்லறை.

மஞ்சத்தூள் நானும் போட்டிருக்கேன், இல்லைங்கல. நடு ரோட்ல நின்னா வீடு சேர்றதுக்கு அது. அது போய் ஓட்டைல அடைக்குதுன்னா மத்த இடத்துலயும் அடைக்கும்தான. ஹீட்டர் கோர்ங்கறது குட்டி ரேடியேட்டரு, குழாய் எல்லாம் ரேடியேட்டர விட சின்னது, அடைப்பு மொதல்ல அங்கதான் விழும். கடைல விக்கற லீக் அடைக்கற மருந்துக்கும் இதே கதைதான்.

இப்ப உன் வண்டிக்கு வர்றேன். நீ சொல்ற தித்திப்பு வாசம், கண்ணாடில எண்ணெப் படலம், பச்சைத் தண்ணி, மூணும் சேந்தா கூலண்டு, அதான் எஞ்சினக் குளுர வெக்கற தண்ணி, உள்ள ஒழுகுதுன்னு சந்தேகமே வேண்டாம். மழைத்தண்ணி உள்ள வந்தா வாசமும் இருக்காது வழவழப்பும் இருக்காது. ஆனா கூலண்டு ஒழுகுதுன்னா கோர்தான் போச்சுன்னு உடனே முடிவு கட்டாத. கோருக்கு வர்ற ஹோஸ் முனை, அந்த க்ளாம்பு, சூடு கூட்டிக் குறைக்கற வால்வு, இதுல எது ஒழுகினாலும் தண்ணி அதே எடத்துலதான் வந்து விழும். நான் பட்டறை வெச்சிருந்தப்ப ஒருத்தர் புது கோரே வாங்கிட்டு வந்துட்டாரு, பிரிச்சுப் பாத்தா க்ளாம்பு துருப்பிடிச்சு வாய் பொளந்து கெடக்கு. ஒரு க்ளாம்புல முடிஞ்ச வேலை.

அதனால மொதல்ல எஞ்சின் நல்லா ஆறட்டும், காலைல பாரு. ப்ரஷர் டெஸ்டர்னு ஒரு கைப்பம்பு வரும், ரேடியேட்டர் வாய்ல மாட்டி மூடில போட்டிருக்கற அளவுக்கு மட்டும் அடி, அதுக்கு மேல அடிச்சா நல்லா இருக்கறதும் போயிரும். முள்ளு எறங்குதான்னு பாரு, எறங்குச்சுன்னா டார்ச் எடுத்துட்டு கால் வெக்கற எடத்துல மல்லாந்து படுத்துப் பாரு எங்க இருந்து வருதுன்னு. டெஸ்டர் இல்லாட்டி ஹோஸ் முனை ரெண்டுலயும் டிஷ்யூ பேப்பர் சுத்தி வெச்சுட்டு வண்டிய சூடு பண்ணு, ஈரமாச்சான்னு தெரியும்.

அதுவரைக்கும் ஹோஸ் ரெண்டையும் எஞ்சின் பக்கமே சேத்து ஒரு வளையமா விட்டுரு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடைக்காத, தண்ணி சுத்தி வர வழி இருக்கட்டும். இப்படியே எத்தனை மாசம் வேணாலும் ஓடும், எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா ஒண்ணு, உங்களுக்கு எதுக்கு ஹீட்டருன்னு கேட்டவன் மார்கழில விடிகாலை மலை ஏறியிருக்க மாட்டான்.


காப்பிக்கொட்டை

ரொம்ப நன்றிங்ணா. மூடி விசயம் சத்தியமா தெரியாது. அந்த கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. சாதாரணமாவே நவம்பர் டிசம்பர்ல பனிப்பொகை எறங்குச்சுன்னா பானெட்டே தெரியாது, உள்ள நாலு பேரு மூச்சு விட்டா கண்ணாடி பூரா வேர்த்துரும், ஒரு கைல துணி ஒரு கைல ஸ்டீரிங்கு. ஹீட்டர் காத்து கண்ணாடில அடிச்சாதான் வண்டியே ஓட்ட முடியும். அதனால கட் பண்ணி விடற பேச்சே இல்லைங்க.

நேத்து காலைல பாத்துட்டேன். டெஸ்டர் தெரிஞ்சவர்கிட்ட வாங்கி மாட்டினேன், 0.9 அடிச்சு அஞ்சு நிமிசத்துல பாதிக்கு வந்துருச்சு. ஹோஸ் முனை ரெண்டும் காஞ்சு கெடக்கு, வால்வும் காஞ்சுதான் இருக்கு. ஹீட்டர் பெட்டியோட அடி விளிம்புல சொட்டு சொட்டா வருது. அப்ப கோர்தானுங்களே?

இப்போதைக்கு வளையம் போட்டு விட்டுட்டேன். ஒழுகறது நின்னுருச்சு. இப்ப நிதானமா பண்ணலாம். யாராச்சும் டேஷ்போர்டு கழட்டினவங்க இருக்கீங்களா?


குப்பனூர் ரோடு

இருக்கேன். ரெண்டு வருசம் முன்ன என் ஜிப்ஸில பண்ணேன், ஒரு சனி ஒரு ஞாயிறு முழுசா போச்சு, ரெண்டாவது தடவை பண்ணா ஒரே நாள்ல முடிச்சிருவேன்னு நெனைக்கிறேன், ரெண்டாவது தடவை பண்ற நிலைமை வரக்கூடாது சாமி.

மொதல்ல ஆறுதல் ஒண்ணு. உங்களுக்கு ஏசி இல்ல, ஏர்பேக் இல்ல. புது கார்ல இதே வேலைன்னா ஹீட்டர் கோரும் ஏசி கூலிங் காயிலும் ஒரே பெட்டில இருக்கும் பல வண்டிங்கள்ல, கேஸ் எறக்கணும், ஏர்பேக் கனெக்ஷன் கழட்டணும், வீட்ல செய்யற வேலையே இல்ல. நம்ம வண்டி வெறும் தகரமும் திருகும்தான், பொறுமை இருந்தா போதும்.

பேட்டரி நெகட்டிவ மொதல்ல கழட்டிருங்க. டேஷ்போர்டு பின்னாடி ஒயருங்க எல்லாம் பழசு, இழுக்கறப்ப எங்கயாச்சும் உரசுனா பத்திக்கும். கூலண்ட கீழ ஒரு அகலமான டப்பா வெச்சுப் புடிங்க, தரைல விடாதீங்க.

எஞ்சின் பக்கம் ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவரு) வர்ற ரெண்டு ஹோஸ்ல எது மேல எது கீழன்னு பெயிண்ட்ல குறி போட்டு வெச்சுக்கங்க. கோர்ல இருந்து நீட்டிட்டு இருக்கற குழாய் ரொம்ப மெல்லிசு, ஹோஸ் வருசக்கணக்கா ஒட்டிட்டு இருக்கும், கட்டிங் ப்ளையர்ல புடிச்சு முறுக்கி இழுத்தீங்கன்னா குழாய் நசுங்கிரும். பழைய கோர் போனா போகட்டும், ஆனா அந்த பழக்கத்துல வால்வையும் ஒடச்சிருவீங்க, நான் ஒடச்சேன். ப்ளேடு எடுத்து ஹோஸ நீளவாக்குல கீறி தோலு உரிக்கற மாதிரி உரிச்சு எடுங்க. எப்படியும் ஹோஸ் புதுசு போடத்தான் போறீங்க, ஹோஸ்ல கஞ்சத்தனம் பாக்காதீங்க.

அப்புறம் உள்ள. க்ளவ் பாக்ஸ், அடில இருக்கற ப்ளாஸ்டிக்கு, ரேடியோ இருந்தா ரேடியோ. ஸ்பீடோமீட்டர் கேபிள் மீட்டருக்குப் பின்னாடி கைய விட்டு கழட்டணும், இத மறந்துட்டு டேஷ்போர்ட இழுத்தா கேபிள் கட்டு. ஸ்டீரிங் வீலக் கழட்டல நானு, ஸ்டீரிங் ராட்ட மேல புடிச்சிருக்கற போல்டு ரெண்ட எடுத்துட்டு சீட்டு மேல ஒரு தலகாணி வெச்சு எறக்கி வெச்சுட்டேன். டேஷ்போர்டு போல்டு கண்ணாடி ஓரத்துல கொஞ்சம், ரெண்டு பக்கமும் கொஞ்சம், நடுவுல கொஞ்சம். எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நெனச்சு இழுத்தா வராது, ஒண்ணு எங்கயோ ஒளிஞ்சுட்டு இருக்கும், பலத்த காட்டாம தேடுங்க. ஒயர் சாக்கெட்டு ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் டேப் ஒட்டி நம்பர் போட்டு, கழட்டறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்துக்கங்க. திருகுங்களுக்கு நான் இட்லித்தட்டு எடுத்துட்டுப் போனேன், ஒரு குழிக்கு ஒரு எடத்துத் திருகு, பிரமாதமா வேலை செஞ்சுது, அம்மா மட்டும் அந்தத் தட்டுல அப்புறம் இட்லி ஊத்தவே இல்ல.

டேஷ்போர்டு வெளிய வந்துட்டா ஹீட்டர் பெட்டி நடுவுல தனியா உக்காந்திருக்கும். கேபிள்கள கழட்டி, நட்டுங்கள எடுத்து பக்கத்து சீட் பக்கமா இழுக்கணும். உள்ள மிச்சம் இருக்கற கூலண்டு கண்டிப்பா ஊத்தும், பழைய பெட்ஷீட்டு கீழ போட்டுக்கங்க. பெட்டி ரெண்டு பாதியா பிரியும், க்ளிப்பு போட்டிருக்கும், ப்ளாஸ்டிக்கு காஞ்சு போயிருக்கும் மெதுவா. உள்ள என்னுதுல என்ன இருந்துச்சு தெரியுமா, சில்வர் ஓக் எலை ஒரு கூடை, அதுக்குள்ள எலி கட்டின கூடு, பாதி தின்ன மிளகு! இத்தன வருசமா அந்தக் காத்தத்தான் சுவாசிச்சிருக்கோம்.

கோர வெளிய எடுத்ததும் எங்க ஒழுகுதுன்னு பாத்துக்கங்க. ஒரு குழாய அடச்சுட்டு இன்னொண்ணுல சைக்கிள் பம்புல லேசா காத்து அடிச்சு பக்கெட் தண்ணில முக்குனா ஓட்டை இருக்கற எடத்துல காத்து முட்டை வரும். கம்ப்ரஷர் காத்த நேரா விடாதீங்க, பஞ்சர் கடைக்காரர் விட்டு என்னுத பலூனாட்டம் உப்ப வெச்சுட்டாரு. புதுக் கோரையும் மாட்டறதுக்கு முன்ன இதே மாதிரி ஒரு தடவை முக்கிப் பாத்துருங்க. டேஷ்போர்டு எல்லாம் பூட்டின பிறகு புதுசும் ஒழுகுதுன்னு தெரிஞ்சா அழுகைதான் வரும்.

சுரண்டிப் பாத்து மஞ்சளா தெரிஞ்சா பித்தளை, ரேடியேட்டர் பட்டறைல ஈயம் வெச்சு பத்த வெச்சுத் தருவாங்க, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்க. வெள்ளையா இருந்தா அலுமினியம், அத ஒட்டற வேலைல எறங்காதீங்க, புதுசு வாங்கிருங்க. என்னக் கேட்டா பித்தளையா இருந்தாலும் ஒரு எடத்துல போச்சுன்னா அடுத்த எடம் க்யூல நிக்குதுன்னு அர்த்தம்.

பூட்டறப்ப ஒண்ணு மறந்துராதீங்க, கோர சுத்தி ஸ்பாஞ்ச் பட்டை இருக்கும், பழசு பொடிப்பொடியா உதிரும். புதுசு ஒட்டாம விட்டா காத்து கோருக்குள்ள போகாம ஓரமா நழுவிப் போயிரும், எல்லாம் மாத்தியும் ஹீட்டர் சூடே வராது.


பழைய ஸ்பேனர்

குப்பனூர் தம்பி அருமையா சொல்லிருச்சு. நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன் காப்பிக்கொட்டை தம்பி, இத்தன வருசம் ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்துனீங்க?


காப்பிக்கொட்டை

அண்ணா உண்மையச் சொல்லிடறேன். அப்பா காலத்துல இருந்தே தோட்டத்துல ஊத்து இருக்கு, அந்தத் தண்ணிதான். கண்ணாடி மாதிரி இருக்கும், குடிக்கறதே அதுதான். கீழ போறப்ப கொறஞ்சா அங்கங்க போர் தண்ணி. பச்சைக் கூலண்டு வண்டி என் கைக்கு வந்ததுக்கு அப்புறம் ஒரு தடவை ஊத்துனேன், அப்பப்ப கொறஞ்சா ஊத்துத் தண்ணிதான் 🙈


பழைய ஸ்பேனர்

நெனச்சேன். கோர் கெட்டுப் போகல தம்பி, நாமதான் கெடுத்தோம்.

சேலம் மாக்னசைட் வெட்டற ஊரு, போர் தண்ணி எப்படிப்பட்டதுன்னு வீட்டுப் பாத்திரத்தப் பாத்தாலே தெரியும், வெள்ளையா படியும். அதே படிவு கோர் குழாய்லயும் படியும். சரி ஊத்துத் தண்ணி நல்ல தண்ணிதானேம்ப. குடிக்க நல்லது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நல்லதில்ல. கூலண்டு சூடு தாங்கறதுக்கும் உறையாம இருக்கறதுக்கும் மட்டும்னு நெனச்சுக்கறாங்க, ஏற்காட்டுல எங்கய்யா உறையுதுன்னு வெறும் தண்ணிய ஊத்தறாங்க. அதுல துருத் தடுக்கற மருந்து இருக்கு, அதான் நமக்கு முக்கியம். தண்ணி சேக்கச் சேக்க அந்த மருந்து நீர்த்துப் போகும், அப்புறம் எஞ்சினுக்குள்ள இரும்பும் அலுமினியமும் பித்தளையும் ஒரே தண்ணில நனைஞ்சு ஒண்ண ஒண்ணு அரிக்க ஆரம்பிச்சிரும். மெல்லிசா இருக்கறது மொதல்ல ஓட்டையாகும், இருக்கறதுலயே மெல்லிசு ஹீட்டர் கோர்தான்.

அதனால புதுக் கோர் மாட்டறதுக்கு முன்னாடி எஞ்சினையும் ரேடியேட்டரையும் கழுவணும். இப்ப வளையம் போட்டு வெச்சிருக்கியே, அதே நிலைல தண்ணி ஊத்தி சூடு பண்ணி எறக்கு, தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. கோர மாட்டிட்டு கழுவுனா உள்ள இருக்கற துருவெல்லாம் நேரா புதுக் கோர்ல போய் உக்காந்துக்கும். கடைசியா கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, இல்ல கலந்தே விக்கற கூலண்டு வாங்கிக்க, அதுல மறுபடி தண்ணி சேக்காத. கலரு பாத்து வாங்காத, டப்பால என்ன போட்டிருக்குன்னு படி, பச்சை எல்லாம் ஒண்ணுன்னு எவனும் சட்டம் போடல. மேல ஊத்தறதுக்கு ஒரு லிட்டர் கலந்து பாட்டில்ல வண்டிலயே வெச்சுக்க, அப்பதான் ஊத்துப் பக்கம் கை போகாது.

ஊத்துனதும் காத்து எடுக்கணும். உனக்குத்தான் மேடு தேடவே வேண்டாமே, மூக்கு மேல பாக்கற மாதிரி சரிவுல நிறுத்தி டயருக்கு கல்லு முட்டு குடுத்துட்டு, ஹீட்டர் முழு சூட்டுல வெச்சு, ஆறின வண்டில மூடியத் தெறந்து வெச்சு ஐடில்ல விடு. முட்டை வர்றது நிக்கற வரைக்கும் ஊத்திட்டே இரு, அப்புறம் மூடு. ஓட்டறப்ப டேஷ்போர்டு பின்னாடி ஓடை சத்தம் கேட்டா இன்னும் காத்து இருக்குன்னு அர்த்தம், ஆறுனதும் மறுபடி பாரு. சூடா இருக்கறப்ப மூடி மேல கை வெக்கவே வெக்காத.


மணியோட அம்மா

குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க, வண்டி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, வீட்டுக்காரர் படிச்சுட்டு இருந்தத எட்டிப் பாத்தேன். எறக்கின கூலண்ட டப்பால புடிக்கச் சொன்னாரு ஒரு தம்பி, அத தெறந்து வெச்சுராதீங்க. தித்திப்பா இருக்கறதால நாய் நக்கிரும். எங்க மணி போன வருசம் அப்படித்தான், பக்கத்து வீட்ல கார் வேலை பாத்துட்டு சட்டில வெச்சிருந்தாங்க. முதல் நாள் குடிச்சவன் மாதிரி தள்ளாடுச்சு, அடுத்த நாள் தெளிஞ்சுருச்சுன்னு சந்தோசப்பட்டோம், அப்புறம் கிட்னி போச்சுன்னுட்டாங்க டாக்டர். கொஞ்சம் நக்குனாலே போதுமாம். கொழந்தைங்க இருக்கற வீடும் அப்படித்தான். மேட்டு அடில தேங்கி நிக்குதுன்னாரே, அந்தத் தண்ணியையும் கழுவிருங்க, பையன் வெறுங்கால்ல உக்காருவான்.


சங்ககிரி லாரி

அக்கா மனசு கஷ்டமா போச்சு. நாங்க ரோட்டோரத்துல அப்படியே தெறந்து விட்டுட்டுப் போயிருவோம், இனிமே கேன்ல புடிக்கச் சொல்றேன் பசங்கள.

பெரியவரே மூடி விசயத்துல நான் கையத் தூக்கிட்டேன். ஏற்காடு லோடு எடுத்துட்டு ஏறறப்ப ஏன் எப்பவும் அங்கயே பொங்குதுன்னு இப்பதான் புரியுது 😂


காப்பிக்கொட்டை

முடிச்சாச்சுங்க! ரெண்டு நாள்னு நெனச்சேன் மூணு நாள் ஆச்சு, ஏன்னா ரெண்டாவது நாள் மழை, ஷெட்டுக்கு வெளிய டேஷ்போர்டு.

கோர் அலுமினியம். மேல இருந்து ஆறாவதோ ஏழாவதோ குழாய்ல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி ஒரு எடம், அங்க முட்டை வந்துச்சு. குழாய் வாயில எட்டிப் பாத்தா பாதிக்கு மேல செவப்பு சேறு. எஞ்சின் கழுவுனேன், எட்டு தடவை, மொத ரெண்டு தடவை டீ மாதிரி வந்துச்சு, அப்பாவக் கூப்புட்டுக் காட்டினேன், "ஊத்துத் தண்ணிய நாம குடிச்சோம் ஒண்ணும் ஆகலியே"ன்னாரு, அதுக்கு மேல என்ன பேசறது.

ஹீட்டர் பெட்டிக்குள்ள எலி இல்ல, எலை மட்டும். தரைல இருந்த ஃபெல்ட்ட தூக்கிப் பாத்தா கீழ தகரம் துரு விட ஆரம்பிச்சிருந்துச்சு, சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடிச்சுட்டேன், இத யாரும் சொல்லலியேன்னு கோவம் கோவமா வந்துச்சு உங்க மேல எல்லாம். கண்ணாடிப் படலம் சோப்புத் தண்ணில ரெண்டு தடவை கழுவி அப்புறம் ஸ்பிரிட்டுல தொடச்சு பழைய தினத்தாள் போட்டுத் தேச்சதும் போயிருச்சு. பழைய கூலண்டு மூடி போட்ட கேன்ல ஷெட்டு மேல் தட்டுல இருக்கு அக்கா, எங்க வீட்லயும் ரெண்டு நாய் இருக்கு.

இன்னைக்குக் காலைல அஞ்சரைக்கு எடுத்துட்டுப் போனேன், செம பொகை. கண்ணாடி சுத்தமா இருக்கு, முள்ளு நடுவுல நிக்குது, வாசம் இல்ல. ஒரே ஒரு சந்தேகம், ஹீட்டர் லீவர சூட்டுப் பக்கம் தள்ளுனா குளுருது, குளுர்ப் பக்கம் தள்ளுனா சூடா வருது. புதுக் கோர்ல ஏதாச்சும் தப்பா இருக்குமோ?


குப்பனூர் ரோடு

கோர்ல ஒண்ணும் இல்லைங்க. வால்வு கேபிள பூட்டறப்ப லீவர் ஒரு கோடில இருந்திருக்கும், வால்வு இன்னொரு கோடில இருந்திருக்கும், நீங்க அப்படியே க்ளிப் போட்டுட்டீங்க. லீவர முழு குளுர்ல வைங்க, வால்வ கையால முழுசா மூடுங்க, அப்புறம் கேபிள க்ளிப்புல மாட்டுங்க. அப்படியும் தலைகீழாவே வந்தா கேபிள் வால்வோட கைல மாறுன ஓட்டைல மாட்டியிருக்கும், உங்க போன் படத்துல பாத்தாலே தெரியும். க்ளவ் பாக்ஸ் மட்டும் எடுத்தா கை போகும், டேஷ்போர்டு கழட்ட வேண்டாம்.


காப்பிக்கொட்டை

ஓட்டைதாங்ணா மாறியிருக்கு, படத்துல இருக்கு. க்ளவ் பாக்ஸ் கழட்டிட்டேன், கை போகுது, க்ளிப்பு ஒண்ணு உள்ள விழுந்துருச்சு, தேடிட்டு இருக்கேன்.